பண்டிகைக் காலச் சரக்கில் நம் ஊர் விளைச்சல்: கொள்முதல் முதல் அடுப்படி வரை

ஆயுத பூஜையில் பொரி, கடலை மூட்டை பிரிப்பதில் தொடங்கி, தீபாவளி, கார்த்திகை, திருவாதிரை, பொங்கல் என்று தை பிறக்கும் வரை நம் கடைகளில் கூட்டம் குறைவதில்லை. ஆண்டு விற்றுமுதலில் பெரும்பங்கு இந்தச் சில மாதங்களில்தான் நடக்கிறது. முன்பெல்லாம் வாடிக்கையாளர் கொண்டுவரும் சீட்டில் சர்க்கரை, மைதா, டால்டா, பாமாயில் என்றுதான் எழுதியிருக்கும். இன்று அதே சீட்டில் “மாப்பிள்ளைச் சம்பா உண்டா, செக்கு எண்ணெய் உண்டா, மருந்து அடிக்காத பருப்பு உண்டா” என்ற கேள்விகள் சேர்ந்துவிட்டன. வீட்டுக்கு வீடு சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருப்பதால், இந்தக் கேள்விகள் இனிமேல் குறையப் போவதில்லை.

இந்த வியாபாரத்தைப் பெரிய அங்காடிகளும் கைப்பேசி வழியே வீட்டுக்கே சரக்கு அனுப்புகிறவர்களும் முந்திக்கொண்டு பிடிக்கப் பார்க்கிறார்கள். அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. சரக்கு எந்த ஊரில், எந்த மாதத்தில், யார் களத்தில் விளைந்தது என்று நேரில் அறியும் வாய்ப்பு நமக்குத்தான் உண்டு. அந்த அறிவை முறையாகப் பயன்படுத்துவது எப்படி என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மாதம் அறிந்து வாங்குதல்

உள்ளூர் விளைச்சலை விற்க நினைப்பவர் முதலில் பட்டம் அறிய வேண்டும். பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு தேடினால் நல்ல சரக்கு கிடைக்காது. கிடைத்தாலும் விலை நம் கையில் இராது.

காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வரும். சம்பா அறுவடை தை, மாசியில் வரும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற நீண்ட நாள் நெல் வகைகள் பெரும்பாலும் சம்பா பட்டத்தில் விளைபவை. ஆகவே மார்கழியில் “புது மாப்பிள்ளைச் சம்பா” என்று யாராவது மூட்டையை இறக்கினால் எங்கே, எப்போது அறுத்தது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது சென்ற ஆண்டு நெல்லாகத்தான் இருக்கும். பழைய நெல் என்பது குறையன்று. சாதத்துக்குப் பழைய அரிசிதான் உதிரியாக வரும். பொங்கலுக்குத்தான் புது அரிசி வேண்டும். அது குழைந்து வேகும். எது பழையது, எது புதியது என்று சொல்லி விற்பதில்தான் நம் நாணயம் இருக்கிறது.

சிறுதானியங்களில் ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைத்த சாமை, வரகு, தினை போன்றவை ஐப்பசி, கார்த்திகை வாக்கில் வரும். கொல்லிமலை, சவ்வாது மலைப் பகுதிகளில் சாமை, அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம் பக்கம் வரகு, மதுரை, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் நிலங்களில் குதிரைவாலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டாரம் உண்டு. கரிசல் காட்டில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த குதிரைவாலி தை வாக்கில்தான் களம் சேரும்.

கருப்பட்டி கோடைச் சரக்கு. பதநீர் இறக்குவது மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வாக்கில் ஓய்ந்துவிடும். தீபாவளிக்குக் கருப்பட்டி விற்க வேண்டுமானால் ஆடிக்குள் வாங்கி இருப்பு வைத்திருக்க வேண்டும். ஐப்பசியில் மலிவாக வரும் கருப்பட்டியைச் சந்தேகத்தோடு பார்ப்பதே முறை. கரும்பு வெல்லமோ இதற்கு நேர் எதிர். மார்கழி முதல் பங்குனி வரை ஆலைகளில் அடுப்பு அணையாது. பொங்கலுக்குப் புது வெல்லம் தாராளமாக வரும்.

காய் கிழங்குகளில் நாம் அதிகம் தேட வேண்டியதில்லை. மார்கழி, தையில் மொச்சை, அவரை, பூசணி, சர்க்கரைவள்ளி, சேனை, சிறுகிழங்கு, பனங்கிழங்கு, மஞ்சள் கொத்து யாவும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தே வருகின்றன. திருவாதிரைக் களிக்கு ஏழு கறிக் கூட்டு, பொங்கலுக்குப் பல காய்க் குழம்பு என்று நம் முன்னோர் வகுத்ததெல்லாம் அந்தந்த மாதத்து விளைச்சலை வைத்துத்தான்.

2. ‘இயற்கை’ என்று எழுதும் முன்

இந்தப் பகுதியை உறுப்பினர்கள் ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். ‘ஆர்கானிக்’, ‘அங்ககம்’, ‘இயற்கை விளைபொருள்’ என்று பாக்கெட்டின் மேல் அச்சிடுவது எளிது. அச்சிட்டவுடன் அது சட்டத்துக்கு உட்பட்ட சொல்லாகிவிடுகிறது.

அங்கக உணவு பற்றிய ஒழுங்குமுறையை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017ஆம் ஆண்டு வெளியிட்டது. அதன்படி அங்ககப் பொருள் என்று விற்பதற்கு இரண்டு வழிகளில் ஒன்றில் சான்று இருக்க வேண்டும். ஒன்று, தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் கீழ், அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஆய்வு செய்து தரும் சான்று. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசின் சான்றளிப்புத் துறையும் இச்சான்றை வழங்குகிறது. மற்றொன்று பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறை. இதில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்து உறுதி தருகிறார்கள். செலவு குறைவு என்பதால் சிறு விவசாயிகள் பெரும்பாலும் இம்முறையில் சேருகிறார்கள். இதிலும் ‘பி.ஜி.எஸ். கிரீன்’ என்றால் நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மாற்றக் காலம் முடிந்த பிறகே ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’ கிடைக்கும். இரண்டும் ஒன்றல்ல. முறையான பாக்கெட்டில் அங்ககப் பொருளுக்கு உரிய முத்திரையும் இருக்கும்.

சிறு விவசாயியோ அவர்களது உற்பத்தியாளர் அமைப்போ நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்றால் இந்தச் சான்று கட்டாயமில்லை. இந்த விலக்கு விவசாயிக்கு உரியது. அவரிடமிருந்து வாங்கி நம் கடைப் பெயரில் பாக்கெட் போட்டு ‘ஆர்கானிக்’ என்று விற்பதற்கு இது பொருந்தாது. இந்த வேறுபாடு தெரியாமலே பலர் சிக்கலுக்கு ஆளாக நேரிடுகிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விவரச்சீட்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரையும், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு.

அப்படியானால் சான்று இல்லாத நல்ல உள்ளூர்ச் சரக்கை விற்கவே கூடாதா? தாராளமாக விற்கலாம். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். ‘சவ்வாது மலைச் சாமை, கார்த்திகை அறுவடை’, ‘கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை’, ‘தூயமல்லி, கைக்குத்தல்’ என்று ஊர், மாதம், வகை மூன்றையும் எழுதலாம். அவை உண்மையாக இருந்தால் வாடிக்கையாளருக்கு அதைவிட வேறு விளம்பரம் வேண்டாம். உடன்குடி பனங்கருப்பட்டி, இராமநாதபுரம் முண்டு மிளகாய், ஈரோடு மஞ்சள், கோவில்பட்டி கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. இந்தப் பெயர்களை வேறு ஊர்ச் சரக்கின் மேல் ஒட்டக் கூடாது.

எந்தச் சரக்கானாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். விற்றவர் தரும் பில்லையே அவர் தரும் உத்தரவாதமாகச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. நாளை ஆய்வாளர் மாதிரி எடுத்தால் நமக்குக் கைகொடுப்பது அந்தத் தாள்தான். சான்று பெற்ற சரக்கானால் சான்றிதழ் நகலையும் பில்லோடு சேர்த்துக் கோத்து வைக்க வேண்டும்.

3. சரக்கைப் பார்த்து வாங்குதல்

அரிசி: பாரம்பரிய அரிசிக்கு இன்று இருக்கும் மதிப்பு தானாக வந்ததன்று. நம்மாழ்வார் (1938-2013) ஊர் ஊராக நடந்து எடுத்துச் சொன்னார். ‘நெல்’ ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, விவசாயிகளுக்கு 2 கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெறும் முறையில் நூற்றுக்கும் மேற்பட்ட நெல் வகைகளைப் பரப்பினார். அவர் 2018இல் மறைந்தார். அவர்கள் மீட்டுக் கொடுத்த பெயர்களைக் கலப்படத்தால் கெடுக்கும் பாவம் நம்மைச் சேரக் கூடாது. மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பு, தவிட்டில் உள்ள நிறம். அதிகம் தீட்டினால் வெளுத்துப் போகும். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். இயற்கை நிறம் மெல்லக் கசியும். ஊற்றிய உடனே தண்ணீர் திட்டுத் திட்டாகச் சிவந்தால் சாயம் ஏற்றியதா என்று விசாரிக்க வேண்டும். கருப்பு கவுனி மட்டும் இயல்பாகவே நிறைய நிறம் விடும்.

வெல்லம்: பளபளவென்று வெளிர் மஞ்சளாக இருக்கும் வெல்லத்தைத்தான் பலர் கேட்டு வாங்குகிறார்கள். அந்த நிறத்துக்காகப் பாகு காய்ச்சும்போது ‘ஹைட்ராஸ்’ என்னும் இரசாயனத்தைச் சேர்ப்பது உண்டு. சேர்க்காத வெல்லம் செம்பழுப்பாகவோ கருமையாகவோ இருக்கும். “கறுப்பா இருக்கே அண்ணாச்சி” என்று கேட்பவருக்கு விவரத்தைச் சொல்லிப் புரியவைப்பது நம் கடமை. ஒரு கட்டியைக் கண்ணாடித் தம்ளரில் கரைத்து வைத்தால் சுண்ணாம்புத்தூள், மண் இருந்தால் அடியில் தங்கிவிடும். மழைக்காலத்தில் கசியும் வெல்லமும் புளித்த வாடை வீசும் வெல்லமும் வேண்டாம்.

எண்ணெயும் கடலையும்: செக்கு எண்ணெய் என்பதாலேயே எல்லாம் நல்லது என்று நினைக்கக் கூடாது. ஆடிப் பட்ட நிலக்கடலை பறிக்கும் காலத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் பிடித்துக்கொள்கிறது. சரியாகக் காயாத கடலையில் பூசணம் பிடித்து ‘அஃப்ளடாக்சின்’ என்னும் நஞ்சு உண்டாகும். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இது. வறுத்தாலும் முழுவதும் போகாது. சுத்திகரித்த எண்ணெயில் இந்த நஞ்சு பெருமளவு நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் அந்தச் சுத்திகரிப்பு இல்லை. ஆகவே செக்குக்குப் போகும் கடலை முதல் தரமாக இருக்க வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூசணம் படிந்தது யாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் காய்க்குள் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும். “இயற்கை விவசாயக் கடலை, அதனால் பயமில்லை” என்ற பேச்சு இங்கே செல்லாது. பூசணத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

சமையல் எண்ணெயைப் பாக்கெட்டில் அடைத்து விவரம் எழுதித்தான் விற்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. டின்னிலிருந்து அளந்து ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மஞ்சள்: கண்ணைப் பறிக்கும் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் ஏற்றிய மஞ்சள் பிடிபட்ட செய்திகள் உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். விரலி மஞ்சளாக வாங்கி, நம் கண்ணெதிரே அரைத்து விற்பது பாதுகாப்பு.

4. மருந்தில்லாமல் இருப்பு வைத்தல்

மருந்து படாத சரக்கில் வண்டு விரைவில் ஏறும். இந்த வியாபாரத்தில் நட்டம் வருவது பெரும்பாலும் இதனால்தான். வண்டுக்குப் பயந்து மூட்டைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் போடுவது பெருந்தவறு. அதிலிருந்து வரும் வாயு உயிரைக் குடிக்கும். உரிய அனுமதி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய பொருள் அது. கீழே கடையும் மேலே குடித்தனமுமாக இருக்கும் கட்டடங்களில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. மாத்திரை போட்ட சரக்கை ‘மருந்தில்லாதது’ என்று விற்பது மோசடியும் ஆகும்.

செய்ய வேண்டியவை எளியவை. தானியத்தை நன்றாக வெயிலில் காயவைத்து, ஆறிய பின் மூட்டை கட்டுங்கள். தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். பழைய சாக்கை வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் ஆகியவை ஓரளவுக்கு உதவும். அவற்றை மட்டும் நம்பி இருக்க முடியாது. காற்றுப் புகாத உறைகள் கூடுதல் பலன் தரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறியை மூட்டைக்குள் செருகி வைத்தால் வண்டு வந்ததை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். விலையும் குறைவு.

சிறுதானியங்களை உமியோடு வைத்தால் நாள்பட இருக்கும். உமி நீக்கிய அரிசி விரைவில் காறல் வாடை அடிக்கும். கம்பில் கொழுப்பு அதிகம் என்பதால் கம்பு மாவு சில நாட்களிலேயே கசந்துவிடும். ஆகவே மாவாக அரைத்துக் குவிக்காமல் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

5. ஒரு சிறு கணக்கு

எடுத்துக்காட்டாக, 100 கிலோ அரிசியைக் கிலோ 80 ரூபாய்க்கு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடக்கம் 8,000 ரூபாய். வண்டி வாடகை, ஏற்றிறக்குக் கூலி 300 ரூபாய். கல், குருணை, தூசி நீக்கியதில் 4 கிலோ கழிவு. மீதி 96 கிலோவுக்குக் கிலோவுக்கு 3 ரூபாய் வீதம் பை செலவு 288 ரூபாய். மொத்தம் 8,588 ரூபாய். 96 கிலோவும் விற்றால் அடக்க விலை கிலோ 89 ரூபாய் 46 காசு. பண்டிகை முடிந்து 10 கிலோ தேங்கி வண்டு பிடித்துவிட்டால் விற்றது 86 கிலோ. அப்போது அடக்கம் கிலோ 99 ரூபாய் 86 காசு ஆகிவிடும்.

80 ரூபாய்க்கு வாங்கி 95க்கு விற்றவர் இலாபம் என்று நினைத்திருப்பார். உண்மையில் அவர் நட்டத்தில் இருக்கிறார். எனவே இவ்வகைச் சரக்கைச் சிறு சிறு அளவாக, இரண்டு மூன்று தவணையாக வாங்குவதே அறிவுடைமை. கடைக்கு ஒரு மூட்டை வீதம் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து விவசாயிகள் குழுவிடம் ஒரே வண்டியில் இறக்கினால் வாடகையும் குறையும், தேக்கமும் இராது. விவசாயிக்கு ரொக்கமாகக் கொடுப்பவருக்கு அடுத்த ஆண்டும் முதல் தரச் சரக்கு வரும். கடன் சொல்லி இழுப்பவருக்குக் கழித்த சரக்குத்தான் மிஞ்சும்.

6. அடுப்படிக் கேள்விகளுக்கு விடை

சமைக்கத் தெரியாமல் வாங்கிப் போனவர் இரண்டாம் முறை வரமாட்டார். “வேகவே இல்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எனவே பொட்டலத்தோடு நாலு வரி சமையல் குறிப்பும் கொடுக்க வேண்டும்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி இரண்டையும் இரவே ஊறவைக்க வேண்டும். ஊறிய தண்ணீரிலேயே நிதானமாக வேகவிட வேண்டும். சாமை, வரகு, குதிரைவாலிக்கு ஒரு பங்குக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு தண்ணீர் போதும். வெண்பொங்கலுக்கு இன்னும் கூட்டிக்கொள்ளலாம். முதல் முறை சமைப்பவர் பாதி பச்சரிசி, பாதி சாமை என்று தொடங்கினால் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள். தினையில் சர்க்கரைப் பொங்கல் நன்றாக வரும். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது மிகமிகக் குறைவு. குழந்தைகளுக்குக் கேழ்வரகு உருண்டையைத் தாராளமாகச் சொல்லலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றும் இனிப்புத்தான். அவற்றில் சிறிதளவு தாதுக்கள் இருந்தாலும் பெரும்பகுதி சர்க்கரையே. “சுகர் இருக்கு, கருப்பட்டி சாப்பிடலாமா அண்ணாச்சி?” என்று கேட்பவரிடம் வியாபாரத்துக்காக “தாராளமா சாப்பிடுங்கம்மா” என்று சொல்வது அவர் உடம்போடு விளையாடுவதாகும். “அதுவும் இனிப்புதாம்மா, டாக்டரைக் கேட்டு அளவா எடுத்துக்குங்க. சுண்டல் போட கருப்புக் கொண்டைக்கடலை நல்லதா வந்திருக்கு” என்று சொன்னால் விற்பனையும் நடக்கும், நம்பிக்கையும் நிற்கும். சிறுதானியமும் அப்படித்தான். அளவுக்கு மிஞ்சினால் எதுவும் நோயாளிக்கு ஆகாது.

தீபாவளிப் பலகாரத்தில் பாதியை எண்ணெயில் பொரித்து, மீதியை ஆவியில் வேகவைத்ததாகவோ வறுத்துப் பிடித்ததாகவோ வைத்துக்கொள்ளச் சொல்லலாம். எள்ளுருண்டை, பொரிவிளங்காய், பாசிப்பருப்பு உருண்டை, பிடிகொழுக்கட்டை எல்லாம் நம் கடைச் சரக்கில்தான் செய்ய முடியும். காய்ந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. மிஞ்சிப் போனால் மூன்று முறைதான் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்துகிறது. கடைகளில் பலகாரம் போடுவோருக்கு 2018 ஜூலை முதல் இதற்கு அளவுகோலும் வந்துள்ளது. எண்ணெயில் சிதைவுப் பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. உப்பும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அப்பளம், ஊறுகாய், முறுக்கு மூன்றும் ஒரே இலையில் வந்தால் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும்.

பலகாரத்தைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுவோம். அச்சு மை எண்ணெயில் இறங்கும். சட்டமும் அதைத் தடுத்திருக்கிறது. வாழை இலை, மந்தாரை இலை நம் ஊரில் கிடைக்காத பொருளா?

7. உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை

ஆடி முடியும் முன் கருப்பட்டியை வாங்கி, காற்றுப் படாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

புரட்டாசியில் அருகிலுள்ள விவசாயிகள் குழுவை நேரில் பார்த்து, அளவையும் விலையையும் பேசி முடியுங்கள்.

ஒவ்வொரு மூட்டைக்கும் ஊர், அறுவடை மாதம், வந்த தேதி எழுதிய அட்டை கட்டுங்கள். முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும்.

சான்று இருந்தால் மட்டும் ‘ஆர்கானிக்’ என்று எழுதுங்கள். இல்லையேல் ஊர்ப் பெயரை எழுதுங்கள்.

பாக்கெட்டில் எடை, விலை, அடைத்த தேதி, முகவரி, உரிம எண் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். வரி விவரத்தை உங்கள் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் வேலை பார்க்கும் பையன்களுக்கு ஒவ்வொரு அரிசியும் எப்படிச் சமைப்பது என்று சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு நாள் சமைத்துச் சாப்பிடக் கொடுங்கள். சாப்பிட்டவன் சொல்லும் வார்த்தைக்கு உள்ள மதிப்பு சுவரொட்டிக்கு இல்லை.

உழவன் மருந்தைக் குறைத்து விளைவிப்பதற்கு ஒரு பலன் உண்டென்றால், அது நம் தராசைத் தாண்டித்தான் வாடிக்கையாளரின் இலைக்குப் போகிறது. நடுவில் நிற்கும் நாம் கலக்காமலும் மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் நடந்துகொண்டால், உழவருக்கும் விலை கிடைக்கும், வீடுகளிலும் நல்ல சோறு பொங்கும், நம் கல்லாவும் நிறையும். வரும் பண்டிகைக் காலத்தில் ஒவ்வொரு கடையிலும் நம் ஊர்ச் சரக்குக்கென்று ஓர் அடுக்கையாவது ஒதுக்குவோம்.